தோல் புற்றுநோய்க்குக் கிரீம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் தோல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஆரம்பநிலைத் தோல் புற்றுநோய்க்குக் கிரீம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள், ஒரு வாரம் பத்து நாள் கழித்து போன் பண்ணியோ நேரில் வந்தோ கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். டாக்டர் அறையில் இருக்கும்போது "கேன்சர்" என்ற சொல் காதில் விழுந்ததுமே மற்றது எதுவும் மண்டையில் ஏறுவதில்லை, அது யாருடைய தப்பும் இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன். எத்தனை நாள், எத்தனை வேளை என்பதற்கு உங்கள் சீட்டில் டாக்டர் எழுதியிருப்பதுதான் கணக்கு. அதைப் பயமில்லாமல் முழுசாகப் போட்டு முடிக்க இந்தப் பக்கம் உதவினால் போதும்.

"கேன்சர்னு சொல்லிட்டு ஒரு சின்ன டியூபைக் குடுத்து அனுப்பிட்டாங்க சிஸ்டர். இது போதுமா, இல்ல கைவிட்டுட்டாங்களா?"

கைவிடவில்லை. நோய் இன்னும் ஆழமாகப் போகவில்லை என்பதால்தான் கிரீம் கொடுத்திருக்கிறார்கள். நம் மேல்தோல் உடம்பில் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். நோய் அந்த அடுக்கிலோ அதை ஒட்டியோ நின்றால், மேலே தடவுகிற மருந்து அதை எட்டிப் பிடித்துவிடும். பெரும்பாலும் மூன்று நிலைமைகளுக்குக் கிரீம் தருவார்கள். வெயில் பட்டுப்பட்டு வரும் சொரசொரப்பான திட்டு, அதாவது ஆக்டினிக் கெரட்டோசிஸ் (இது இன்னும் புற்று ஆகவில்லை, ஆகக்கூடும்). அடுத்தது பௌவன் நோய், மேல்தோலைத் தாண்டாமல் நிற்கும் புற்று. மூன்றாவது, மேலோட்டமான பேசல் செல் கார்சினோமா, மேல்தோலின் அடியடுக்கு செல்களிலிருந்து கிளம்பும் புற்று.

சதை எடுத்து டெஸ்டுக்கு (பயாப்சி) அனுப்பி, ரிசல்ட் பார்த்த பிறகுதான் இதை முடிவு செய்வார்கள். கட்டியாகத் தடித்தது, விளிம்பு கெட்டியான ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் கிளம்பியது, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும் கறுப்புப் புற்று, இவற்றுக்கெல்லாம் இந்தக் கிரீம் ஆகாது. அப்படிப்பட்ட புண்ணில் கிரீமைத் தடவிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

"நமக்க கறுத்த தோலுக்கு இதெல்லாம் வருமா? வெள்ளைக்காரங்களுக்குத்தானே வரும்?"

அவர்களுக்கு நிறைய வரும், நமக்குக் குறைவாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். தோலில் இருக்கும் நிறமி வெயிலைத் தடுக்கும், ஆனால் முழுசாகத் தடுக்காது. நம் மாவட்டம் பூமத்திய ரேகையிலிருந்து எட்டு டிகிரி தூரத்தில் இருக்கிறது, வருடம் பூராவும் உச்சிவெயில்தான். கட்டுமரம், வள்ளம், உப்பளம், பனையேற்று என்று முப்பது நாற்பது வருடம் வெயிலிலேயே நின்றவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிறவியிலேயே தோல் வெளுத்தவர்கள், கிட்னி மாற்றி எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் அதிகமாக.

நம் ஆட்களிடம் இந்தப் பேசல் செல் புற்று பல நேரம் கறுப்பாக, பளபளப்பாக, மச்சம் மாதிரியே இருக்கும். மச்சம்தானே என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்த மச்சம், வளர்கிற மச்சம், லேசாகக் கீறினாலே ரத்தம் வந்து ஆறாமல் திரும்பத் திரும்பப் பொருக்குக் கட்டும் இடம் என்றால் காட்டிவிடுங்கள்.

"மணவாளக்குறிச்சி மண்ணாலதான் இது வந்திருக்குமோ?"

கடலோரத்திலிருந்து வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது. அந்தக் கறுப்பு மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, அதனால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம் என்பது உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருடம் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2009-ல் வெளியான முடிவில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

தோலின் மேல் அடுக்கில் வரும் இந்த வகைகளுக்கு முக்கியக் காரணம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். மண்ணை நினைத்துக் கவலைப்படுகிற நேரத்தில் தலையில் ஒரு தொப்பி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

"ஆசாரிப்பள்ளத்துல பாத்தா போதுமா, திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போகணுமா?"

மேலோட்டமான ஒற்றைத் திட்டுக்கு, சதை எடுத்துப் பார்க்கவும் கிரீம் எழுதவும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவே போதும், நல்ல தோல் டாக்டர் யாராக இருந்தாலும் போதும். டெஸ்டில் ஆழம் கூடுதல் என்று வந்தால், கண், மூக்கு, காது ஓரமாக இருந்தால், ஒருமுறை வைத்தியம் பார்த்தும் திரும்ப வந்தால், அப்போது அவர்களே ஆர்.சி.சி.க்கு, அதாவது திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு, எழுதி அனுப்புவார்கள். எழுத்து இல்லாமல் பஸ் ஏறிப் போய் அங்கே நாள் முழுக்க வரிசையில் நின்று, "ஊரிலேயே பார்க்கலாமே" என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. போவதென்றால் பயாப்சி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

"எனக்கு ஒரு கிரீம், வார்டுல கூட இருந்த அக்காவுக்கு வேற கிரீம். எது நல்லது?"

இரண்டு மருந்துதான் அதிகம் எழுதுவார்கள். ஒன்று 5-ஃப்ளூரோயூராசில், சுருக்கமாக 5-எஃப்.யூ. இது 1957-ல் வந்த பழைய மருந்து, வேகமாகப் பெருகும் செல்கள் தங்கள் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க விடாமல் தடுத்து அவற்றைச் சாகடிக்கும். இன்னொன்று இமிகுவிமாட். அது நேராகச் செல்லைக் கொல்வதில்லை, தோலில் இருக்கும் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பி, நோய் செல்லை உடம்பே அடித்து விரட்டும்படி செய்யும். முதலில் மரு வைத்தியத்துக்கு வந்த மருந்து, 2004-ல்தான் அமெரிக்காவில் மேலோட்டமான பேசல் செல் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது.

எது நல்லது என்பது எந்த நோய் என்பதைப் பொறுத்தது. நெதர்லாந்தில் மேலோட்டமான பேசல் செல் புற்று உள்ளவர்களை 5 வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இமிகுவிமாட் போட்டவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு நோய் திரும்பவில்லை, 5-எஃப்.யூ. போட்டவர்களில் 70 பேருக்கு. ஆனால் வெயில் திட்டுகளுக்கு அதே நாட்டில் நடந்து 2019-ல் வந்த ஆய்வில் 5-எஃப்.யூ.தான் முன்னே நின்றது. ஆகவே அந்த அக்காவின் கிரீமைப் பார்த்து உங்கள் கிரீமைச் சந்தேகப்பட வேண்டாம்.

"கூகுள்ல பாத்தா 5-எஃப்.யூ. கீமோ மருந்துன்னு போட்டிருக்கு. முடி கொட்டுமா, வாந்தி வருமா?"

அதே மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால் அது கீமோ. தோலில் தடவும்போது மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும், அதனால் தலைமுடி கொட்டுவதோ வாந்தியோ பொதுவாக வராது. ஒரு விதிவிலக்கை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அது அபூர்வம். அப்படிப்பட்டவர்களுக்குக் கிரீமே கூட உடம்பைப் பாதிக்கலாம். வாய் முழுக்கப் புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் கிரீமை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது கீமோவில் இந்த மருந்து கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"எப்படித் தடவணும்? நல்லா அப்பிப் போட்டா சீக்கிரம் போகுமா?"

போகாது, புண்தான் பெரிதாகும். இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, பத்து நிமிடம் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் தடவினால் எரிச்சல் கூடும். அப்புறம் மெல்லிசாக, மருந்து தோலில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். பட்ஸ் வைத்தோ கையுறை போட்டோ தடவலாம், வெறும் விரலால் தடவினால் முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு நகத்தடி வரை கழுவ வேண்டும். கழுவாத கையால் கண்ணைக் கசக்கிவிட்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வேதனை வேண்டவே வேண்டாம். கண், மூக்குத் துவாரம், உதட்டுக்குள் மருந்து போகக்கூடாது.

திட்டின் மேல் மட்டும் இல்லை, சுற்றியுள்ள நல்ல தோலிலும் கொஞ்சம் தடவ வேண்டும். பேசல் செல் புற்றுக்கு இமிகுவிமாட் என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர். டாக்டரையே பேனாவால் வட்டம் போடச் சொல்லி, போனில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரெண்டாவது வாரம் எல்லாம் சிவந்துபோன பிறகு எல்லை எது என்று உங்களுக்கே தெரியாது.

5-எஃப்.யூ. பெரும்பாலும் காலையும் இரவும். இமிகுவிமாட் படுக்கப்போகும்போது தடவி, எட்டு மணி நேரம் கழித்துக் காலையில் கழுவ வேண்டும். பேசல் செல் புற்றுக்கு வழக்கமாக வாரம் 5 நாள், 6 வாரம். திங்கள் முதல் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மணக்குடிப் பக்கமிருந்து வரும் ஒரு பாட்டி, வலை பின்னுகிறவர், அடுப்படிச் சுவரில் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே கிரீம் போட்ட ராத்திரிக்கு ஒரு பென்சில் கோடு போட்டுவைப்பார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சுருக்குப்பையில் கொண்டுவருவார். டாக்டருக்கு அதைவிட நல்ல ரெக்கார்டு கிடைக்காது.

"பிளாஸ்திரி போட்டு மூடலாமா?"

காற்றுப் புகாத பிளாஸ்திரியோ பிளாஸ்டிக் தாளோ வேண்டாம், மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும். துணி உரசுகிற இடம், ஈ மொய்க்கிற புண் என்றால் மெல்லிய காஸ் துணி வைத்து லேசாக ஒட்டலாம்.

"ஒரு வாரமாப் போடுறேன், ஒண்ணுமே ஆகல. டூப்ளிகேட் மருந்தா?"

முதல் வாரம் ஒன்றும் தெரியாமல் இருப்பது சகஜம். 5-எஃப்.யூ.வில் ஒரு வாரம் கழியும்போது மெல்லச் சிவப்பு வரும், அடுத்த வாரம் எரிச்சலும் பொருக்கும், மூன்றாவது நான்காவது வாரத்தில் தோல் உரிந்து புண்ணாகும். நம் தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோ தெரியும். படம் போட்ட நோட்டீஸில் வெள்ளைத் தோல் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு "எனக்கு அப்படி வரவில்லையே" என்று நினைக்க வேண்டாம், தொட்டால் சூடாக இருக்கிறதா, காந்துகிறதா என்று பாருங்கள்.

மூன்று வாரம் ஆகியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் போய்க் காட்டுங்கள். நீங்களாக வேளையைக் கூட்ட வேண்டாம்.

"மூணாவது வாரம். புண்ணு வெந்த மாதிரி கிடக்கு, காந்தல் தாங்க முடியல. நிறுத்திரட்டா?"

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். மற்ற எந்த மருந்தைப் போட்டாலும் புண் நாளுக்கு நாள் ஆறும், இந்த மருந்தைப் போட்டால் நாளுக்கு நாள் மோசமாகும். அப்படித்தான் ஆக வேண்டும். நோய் செல் சாகும்போது அந்த இடம் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டி, பச்சைப் புண்ணாகும். கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் இருந்த நோய்த் தோலும் இப்போதுதான் வெளியே தெரியும், அதனால் புண் ஆரம்பத் திட்டைவிடப் பெரிதாகத் தோன்றும். நிறைய பேர் கிரீமை விடுவது இந்தக் கட்டத்தில்தான், அதாவது மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில். விட்டால் மேலே ஆறிவிடும், அடியில் மிச்சம் இருக்கும்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி வைக்கலாம், பாராசிட்டமால் போடலாம், மருந்து போடாத வேளையில் வெறும் வாசலின் மெல்லிசாகப் போட்டால் பொருக்கு இழுக்காது. இவ்வளவு செய்தும் ராத்திரி தூக்கம் இல்லை என்றால் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். சில நாள் இடைவெளி விட்டுத் தொடரச் சொல்வார், அல்லது 5-எஃப்.யூ.வாக இருந்தால் "போதும், வேண்டிய அளவு புண்ணாகிவிட்டது, நிறுத்து" என்றே சொல்லலாம். நிறுத்துவது தவறில்லை, யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு. புண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கள், பஸ் செலவாவது மிஞ்சும்.

"எது சாதாரணம், எதுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

மருந்து போட்ட இடத்துக்குள் எரிச்சல், அரிப்பு, நீர்க்கசிவு, பொருக்கு, புண் எல்லாம் சாதாரணம். இமிகுவிமாட் போடுகிறவர்களுக்கு லேசான காய்ச்சல், உடம்புவலி, அசதி, பக்கத்தில் நெறி கட்டுவது வரலாம், எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டதன் அடையாளம் அது. ஓரிரு நாள் மருந்தை நிறுத்தினால் தணியும், ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சீழ், நாற்றம், வட்டத்தைத் தாண்டி நாளுக்கு நாள் பரவும் வீக்கம், குளிரோடு அடிக்கும் காய்ச்சல், கண் இமை வீங்கித் திறக்க முடியாமை, இவை வந்தால் காத்திருக்காதீர்கள். 5-எஃப்.யூ.க்கு முன்பு சொன்ன வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் அப்படித்தான். சுகர் இருப்பவர்கள், அதிலும் முழங்காலுக்குக் கீழே புண் உள்ளவர்கள், கொஞ்சம் முந்தியே காட்டிவிடுங்கள், கால் புண் ஆற எல்லோருக்குமே நாள் பிடிக்கும்.

"நடுவுல நாலு நாள் விட்டுப்போச்சு. ரெண்டு மடங்கு போட்டு ஈடுகட்டலாமா?"

வேண்டாம். விட்டது விட்டதுதான், அடுத்த வேளையிலிருந்து வழக்கம் போலத் தொடருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நாளைக் கூட்டுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

"கடலுக்குப் போகாம எப்படி சிஸ்டர்? வீட்டுல அடுப்பு எரியணுமே."

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, சொன்னாலும் நடக்காது. ஆனால் மருந்து போட்ட தோலில் வெயில் பட்டால் எரிச்சல் பல மடங்காகும், 5-எஃப்.யூ.வுக்கு இது ரொம்பவே பொருந்தும். கடலில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, தண்ணீரிலிருந்தும் மணலிலிருந்தும் எகிறி முகத்தின் அடிப்பக்கத்திலும் அடிக்கும், தொப்பி மட்டும் போதாது என்பது அதனால்தான். துவர்த்தை (துண்டை) தலையில் போட்டு, இரண்டு முனையையும் காதையும் கன்னத்தையும் மறைத்துத் தாடைக்குக் கீழே கட்டி, அதன் மேல் அகலமான தொப்பி வையுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். மேகமூட்டம் என்று ஏமாற வேண்டாம், மழைக்காலத்திலும் புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வரும்.

பச்சைப் புண்ணாக இருக்கும் இரண்டு மூன்று வாரம் மட்டும் முடிந்தால் கரை வேலை பாருங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கிரீமை ஆரம்பிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், பலருக்கு அது நன்றாக ஒத்துவந்திருக்கிறது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, விடியும் முன்னே போய் நிழலில் வேலை முடிந்துவிடும்.

"மீன், கருவாடு சாப்பிடலாமா? கரப்பான் பண்டம்னு அம்மா குடுக்க மாட்டேங்கிறா."

தாராளமாகச் சாப்பிடலாம். கத்திரிக்காயும் கருவாடும் இந்தப் புண்ணை ஒன்றும் செய்யாது, உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது மீன் ஒவ்வாமை இருந்தால் அது வேறு. புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். ஆறு வாரம் கஞ்சியும் சுட்ட அப்பளமுமாகப் பத்தியம் இருந்து வாடிப்போய் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், மீன் குழம்பு வைக்கட்டும்.

"வைத்தியர் எண்ணெய் ஒண்ணு குடுத்தாரு, சேத்துப் போடலாமா? மஞ்சள்?"

கிரீம் போடும் நாட்களில் அதே இடத்தில் முன்பு சொன்ன வாசலினைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு, மருந்தெண்ணெய் எதுவும் திறந்த புண்ணில் எரிச்சலைக் கூட்டும். அதைவிட முக்கியமாக, எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். நம் மாவட்டத்து வைத்தியர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை உண்டு, எலும்பு, நரம்பு, சுளுக்குக்கு நானும் போயிருக்கிறேன். ஆனால் சதை டெஸ்டில் புற்று என்று வந்த இடத்துக்கு இந்தக் கிரீமைப் போட்டு முடித்துவிடுங்கள்.

மெடிக்கலில் "சொறிக்கு நல்லது" என்று தரும் ஸ்டீராய்டு கிரீமும் கூடாது. இமிகுவிமாட் எழுப்பிவிட்ட எதிர்ப்பு சக்தியை அது மறுபடி தூங்கவைத்துவிடும். மருந்து முடிந்த பிறகு வீக்கம் தணிய டாக்டரே சில நாளுக்கு எழுதினால் மட்டும் போடலாம்.

"வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு. தொட்டா ஒட்டுமா?"

புற்றுநோய் ஒட்டாது. பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். கவனம் வேண்டியது மருந்தில்தான். தடவிய இடம் பிள்ளையின் முகத்திலோ கையிலோ உரசக்கூடாது. தலையணை உறையையும் துவர்த்தையும் உங்களுக்கென்று தனியாக வைத்து அடிக்கடி துவையுங்கள்.

பூனை, நாய் இருந்தால் இன்னும் கவனம். 5-எஃப்.யூ. அவற்றுக்கு விஷம். டியூபைக் கடித்தாலோ தடவிய கையை நக்கினாலோ வலிப்பு வந்து செத்தே போகும், நாய்கள் அப்படிச் செத்ததாக அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. திண்ணையில் படுத்திருக்கும்போது செல்லமாக வந்து கன்னத்தை நக்குகிற பூனையை அந்தச் சில வாரம் கிட்ட விடாதீர்கள். டியூபை ஜன்னல் விளிம்பில் போடாமல் பீரோவில் பூட்டிவையுங்கள், பட்ஸையும் காஸையும் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

"எனக்க மகதான் அப்பாவுக்குத் தடவிவிடுறா. அவளுக்கு இப்ப மூணு மாசம்."

அவர் தடவ வேண்டாம். 5-எஃப்.யூ. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேடு செய்யும் மருந்து. வேறு யாரும் இல்லாத நாளில் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. நோயாளியே பிள்ளை உண்டாகியிருக்கும் பெண், பால் கொடுக்கும் பெண், உண்டாக வாய்ப்புள்ள பெண் என்றால் கிரீம் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

"முகத்துல இருக்கு, எல்லாரும் என்ன என்னன்னு கேக்காங்க. அடுத்த மாசம் தம்பி கல்யாணம் வேற."

ஆரம்பத்திலேயே சொன்னால் டாக்டர் நாளைப் பார்த்துத் தருவார். இந்த மேலோட்டமான வகைகள் மெதுவாக வளர்பவை. கல்யாணம் முடிந்து ஆரம்பிப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை, பாதியில் நிறுத்துவதால்தான் கெடுதல். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் தொடருங்கள். புண்ணின் மேல் பவுடரோ கிரீமோ குங்குமமோ வேண்டாம், பொட்டு வைக்கிற இடத்திலேயே புண் என்றால் இந்த ஒரு விசேஷத்துக்கு வைக்காமல் போகலாம்.

கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம். "தோலுக்கு மருந்து போடுகிறேன், உரிந்து புதுத்தோல் வரும்" என்று சொன்னாலே போதும், அது முழு உண்மையும்கூட. கேன்சர் என்று தெரிந்தால் மகளுக்கு வரன் வராது என்று ஒளிந்து ஒளிந்து மருந்து போட்ட ஒரு அம்மா, புண் பெரிதானபோது யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாக அழுதிருக்கிறார். வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள், முதுகில் மருந்து தடவவாவது ஆள் வேண்டுமே.

"ஆறின இடம் வெள்ளையாத் தெரியுது. வெண்புள்ளி வந்துட்டா?"

மருந்து முடிந்த பிறகு புண் ஆறவே ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். ஆறிய இடம் முதலில் ரோஸ் நிறமாகவும், அப்புறம் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். நம் தோலில் இது நன்றாகவே தெரியும். கறுப்பு பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் மங்கும். வெளுப்பு சிலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும், இமிகுவிமாட் போட்ட இடத்தில் நிரந்தரமாக நிறம் போவதும் உண்டு. எப்படியானாலும் யாருக்கும் ஒட்டாது. மருந்து போட்ட எல்லையைத் தாண்டி உடம்பில் வேறு இடத்திலும் வெளுத்தால் காட்டுங்கள்.

"பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் இதே மாதிரி ஒரு திட்டு. மிச்சக் கிரீமைக் குடுக்கட்டா?"

கொடுக்காதீர்கள். அவருடையது படையாக இருக்கலாம், சாதாரண மருவாக இருக்கலாம், ஆழமான புற்றாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. மேலே கிரீம் போட்டால் மேல்தோல் ஆறி மூடிக்கொள்ளும், அடியில் அது வளர்ந்துகொண்டே இருக்கும், கண்டுபிடிக்கும்போது நேரம் கடந்திருக்கும். கிரீமுக்குப் பதில் டாக்டர் பேரைச் சொல்லி அனுப்புங்கள்.

"வெட்டி எடுத்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே. தப்பு பண்ணிட்டேனா?"

வெட்டி எடுப்பதில் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சிக்கல் குறைவான பேசல் செல் புற்றுகளில் இரண்டையும் ஒப்பிட்டு 5 வருடம் பார்த்தார்கள். அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் தேறினார்கள், இமிகுவிமாட் போட்டவர்களில் 82 பேர். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துதான் முடிவு எடுக்க வேண்டும், டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் பேசுவதில்லை. நெஞ்சிலும் முதுகிலும் வெட்டினால் தழும்பு தடித்து வளரும் உடம்பு சிலருக்கு. சிலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள், சிலருக்கு ஒரே நேரத்தில் அஞ்சாறு திட்டு. முழங்காலுக்குக் கீழே வெட்டினால் தைத்த இடம் சேராத வயதானவர்களும் உண்டு. இவர்களுக்குக் கிரீம் நல்ல வழி. மூக்கு ஓரத்தில், கண் ஓரத்தில் உள்ள பேசல் செல் புற்றுக்கு மட்டும், வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், அங்கே மிச்சம் விட்டால் விலை அதிகம்.

"ஆறிடுச்சு, மழமழன்னு இருக்கு. இனி வர வேண்டாமே?"

வர வேண்டும். பேசல் செல் புற்றுக்கு இமிகுவிமாட் முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்தால்தான் நிஜமாகப் போய்விட்டதா என்று தெரியும், அதற்கு முன் எரிச்சலின் வீக்கமே ஏமாற்றும். மேலே சொன்ன கணக்கில் இமிகுவிமாட் போட்ட நூறு பேரில் இருபது பேருக்குக்கூட 5 வருடத்துக்குள் மிச்சம் இருந்தோ திரும்பவோ செய்கிறது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் வந்து காட்டுங்கள். மாதம் ஒருமுறை குளிக்கும் முன் வெளிச்சத்தில் நின்று பழைய இடத்தையும், முகம், காது, கழுத்து, கையையும் பாருங்கள். முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு வேறு இடத்தில் புதிதாக வருவதும் உண்டு.

"அதே இடத்துல திரும்ப வந்தா? மறுபடியும் இதே கிரீமா, கரண்டு வைப்பாங்களா?"

முதலில் மறுபடி சதை எடுத்துப் பார்ப்பார்கள், திரும்ப வந்தது பழையபடி மேலோட்டமாகத்தான் இருக்கிறதா, ஆழம் கூடிவிட்டதா என்று தெரிய வேண்டும். வெயில் திட்டுக்கும், சில சமயம் பௌவன் நோய்க்கும் கிரீமே இன்னொரு சுற்று போடலாம். பேசல் செல் புற்று ஒருமுறை கிரீமுக்குத் தப்பிவிட்டால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதுதான் அடுத்தது. வெட்ட முடியாத உடம்பு, வயது என்றால் கரண்டு வைப்பதையும், அதாவது கதிர்வீச்சு சிகிச்சையையும், யோசிப்பார்கள். பழைய பயாப்சி ரிப்போர்ட், எந்தக் கிரீம், எத்தனை வாரம் போட்டீர்கள் என்ற விவரம், புண் இருந்தபோது எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருந்தால் அன்றைக்கே முடிவு எடுக்க முடியும்.